ஏக்கருக்கு எழுதப்பட்ட காசோலை: சன்ஃபிளவர் கவுண்டியின் பருத்தி மானியம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தெற்கே, மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையில், மெம்பிஸ் நகரத்தின் தெற்கிலிருந்து விக்ஸ்பர்க் வரை ஏறத்தாழ 200 மைல் நீளத்துக்கு ஒரு வண்டல் சமவெளி விரிந்து கிடக்கிறது. கடலோரக் கழிமுகமாக இல்லாதபோதும் அப்பகுதி மக்கள் அதனை டெல்டா என்றே அழைக்கின்றனர். ஆண்டுதோறும் வெள்ளம் கொண்டுவந்து படியவைத்த கரிய மண் அங்கே பல அடி ஆழத்துக்கு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை பெரும்பாலும் சதுப்பும் காடுமாகக் கிடந்த அந்த நிலத்தைத் திருத்திப் பருத்தி விளையச் செய்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். டெல்டாவின் நடுவில் அமைந்திருப்பது சன்ஃபிளவர் கவுண்டி. கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிலையில் உள்ள ஆட்சிப் பிரிவு. பரப்பில் நம் வட்டத்தையும் அதிகாரத்தில் நம் மாவட்டத்தையும் ஓரளவு ஒத்தது. 1844இல் உருவாக்கப்பட்ட இக்கவுண்டிக்கு இண்டியனோலா தலைநகர். ரூல்வில், ட்ரூ, டாட்ஸ்வில் ஆகியவை அதன் சிற்றூர்கள்.

1933 முதல் இக்கவுண்டியின் உழவர்களுக்கு மத்திய அரசு ஏதேனும் ஒரு பெயரில் பணம் வழங்கி வருகிறது. அந்தப் பணம் எந்த அடிப்படையில் கணக்கிடப்பட்டது, எவர் கைவழியாகச் சென்றது, எவரிடம் போய்ச் சேர்ந்தது என்ற மூன்று வினாக்களின் வழியே நோக்கினால், ஏறத்தாழ 66,000 பேர் வாழ்ந்த ஒரு வேளாண் வட்டாரம் ஒரு தலைமுறைக்குள் ஆளொழிந்த காரணம் பெருமளவு விளங்கும். தமிழில் மானியம் என்ற சொல் இன்று அரசு தரும் உதவித்தொகையைக் குறிக்கிறது. முற்காலத்தில் அது வரி நீக்கி ஒருவருக்கு விடப்பட்ட நிலத்தையே குறித்தது. சன்ஃபிளவர் கவுண்டியின் மானியத்துக்கு அப்பழைய பொருளே நெருக்கமானது. அங்கே அரசு கணக்கிட்டது நிலத்தை. அந்நிலத்தில் உழைத்தவர் கணக்கின் ஓரத்தில் மட்டும் இடம்பெற்றார், பிறகு அங்கிருந்தும் நீங்கினார்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின்னர், தெற்கின் பருத்தி நிலங்களில் வாரச் சாகுபடி வேரூன்றியது. பண்ணையார் நிலம், கோவேறு கழுதை, கலப்பை, விதை ஆகியவற்றைத் தருவார். வாரக்குடி தன் குடும்பத்தின் உழைப்பைத் தருவார். விளைந்த பருத்தியில் பாதி வாரக்குடிக்கு உரியது என்பது ஏற்பாடு. ஆனால் மார்ச் முதல் அறுவடைவரை அக்குடும்பம் உண்ட மாவுக்கும் உப்பிட்ட இறைச்சிக்கும் உடுத்த துணிக்கும் பண்ணைக் கடையில் எழுதிவைத்த கடன், வட்டியோடு அந்தப் பாதியிலிருந்து கழிக்கப்பட்டது. கணக்கை எழுதியவரும் பண்ணையார், சரிபார்த்தவரும் பண்ணையார். ஆண்டிறுதியில் நடக்கும் கணக்கு முடிப்பு நாளில் கேள்வி கேட்கும் துணிவு கறுப்பினக் குடியானவர் எவருக்கும் எளிதில் வாய்க்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் இண்டியனோலாவில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் ஹார்டென்ஸ் பவுடர்மேக்கர், நேர்மையான கணக்கு கிடைத்த வாரக்குடிகள் நூற்றுக்கு 25 அல்லது 30 பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள் என்று மதிப்பிட்டார். 1930இல் டெல்டாவின் வேளாண் அலகுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை வாரக்குடிகளிடமோ குத்தகையாளரிடமோ இருந்தன. ரூல்விலுக்கு அருகிலுள்ள டாக்கரி பண்ணை போன்றவை தமக்கெனக் கடையும் கோயிலும் ஜின்னிங் ஆலையும் கொண்ட தனி ஊர்களாகவே இயங்கின. புளூஸ் இசையின் முன்னோடியான சார்லி பேட்டன் வாழ்ந்ததும் அப்பண்ணையில்தான்.

1929இல் ராத்தலுக்கு ஏறத்தாழ 17 சென்ட் விலைபோன பருத்தி, பெருமந்தத்தின் பிடியில் 1931, 1932 ஆகிய ஆண்டுகளில் 6 சென்ட் அளவுக்கு வீழ்ந்தது. உற்பத்தியைக் குறைத்தால் விலை ஏறும், குறைப்பதற்கு உழவர் தாமாக முன்வர வேண்டுமானால் அவருக்கு ஈடு தர வேண்டும் என்ற கருத்தில், 1933 மே 12 அன்று குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேளாண் சீரமைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஈட்டுத்தொகைக்கான பணம், பருத்தியை முதலில் பதப்படுத்தும் ஆலைகள்மீது விதித்த வரியிலிருந்து திரட்டப்பட்டது. சட்டம் வந்தபோது பருத்தி ஏற்கெனவே முளைத்து வளர்ந்துவிட்டதால், அந்தக் கோடையில் நின்ற பயிரையே உழுது அழிக்க வேண்டியதாயிற்று. நாடெங்கும் ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட பருத்தி மண்ணுக்குள் புதைக்கப்பட்டது. அழித்த ஏக்கர் ஒன்றுக்கு, அதன் வழக்கமான விளைச்சலைப் பொறுத்து, 7 முதல் 20 டாலர் வரை வழங்கப்பட்டது. பருத்திச் செடியை மிதிக்காமல் வரிசைகளுக்கு இடையில் மட்டுமே நடக்கப் பழக்கப்பட்டிருந்த கோவேறு கழுதைகள், செடியின்மீது ஏறி நடக்க மறுத்ததை அக்காலச் செய்திகள் பதிவுசெய்துள்ளன. உடுத்தத் துணியில்லாதோர் நாடெங்கும் நிறைந்திருந்த ஆண்டில் விளைந்த பருத்தியை அழித்தது பலருடைய மனச்சான்றை உறுத்தியது. எனினும் விலை ஏறியது என்பதும், வட்டியில் மூழ்கியிருந்த நிலவுடைமையாளர் மீண்டனர் என்பதும் மறுக்க முடியாதவை.

அந்த முதலாண்டின் காசோலைகள் பெரும்பாலும் நிலவுடைமையாளர் பெயருக்கே வந்தன. வாரக்குடியின் பங்கை அவரே பிரித்துத் தர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பழைய கடனுக்கு ஈடாக அப்பங்கைக் கழித்துக்கொண்ட பண்ணையார்கள் பலர். 1934, 1935 ஆகிய ஆண்டுகளுக்கான ஒப்பந்தம் இந்தப் பழக்கத்தைத் திருத்துவதற்கு மாறாக, ஏற்றத்தாழ்வை எழுத்திலேயே வரையறுத்தது. தரிசாக விட்ட நிலத்துக்கு, அதன் சராசரி விளைச்சலில் ராத்தலுக்கு 3.5 சென்ட் வாடகைத்தொகை. அதற்கு மேல், உள்நாட்டுத் தேவைப் பங்கு என்று கணக்கிட்ட விளைச்சலில் ராத்தலுக்கு 1 சென்ட் சமநிலைத்தொகை. சமநிலைத்தொகை என்பது, முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் உழவருக்கு இருந்த வாங்கும் ஆற்றலை மீட்டுத் தருவதற்கென வழங்கியது. வாடகைத்தொகை முழுவதும் நிலவுடைமையாளருக்கு. சமநிலைத்தொகையில் மட்டும் வாரக்குடிக்குப் பாதி. ஏக்கருக்கு 200 ராத்தல் விளையும் 100 ஏக்கர் பண்ணை ஒன்றை எடுத்துக்கொண்டால், 40 ஏக்கரைத் தரிசாக விட்டதற்கு 280 டாலர் வாடகைத்தொகையும் 80 டாலர் சமநிலைத்தொகையும் வரும். அதில் 320 டாலர் பண்ணையாருக்கும், எஞ்சிய 40 டாலர் அப்பண்ணையின் வாரக்குடிகள் அனைவருக்குமாகவும் சேரும். ஒன்பதில் எட்டுப் பங்கும் ஒரு பங்குமான இந்தப் பிரிவினைக்கு ஒரு பின்னணி உண்டு: ஒப்பந்தத்தை வகுத்த வேளாண் சீரமைப்பு அலுவலகத்தின் பருத்திப் பிரிவும் நிதிப் பொறுப்பும் பண்ணையுலகோடு நெருங்கியவர்களின் கையில் இருந்தன. நிதி இயக்குநராக இருந்த ஆஸ்கர் ஜான்ஸ்டன், அண்டைக் கவுண்டியான பாலிவரில் ஆங்கிலேய நூற்பாலை நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான டெல்டா அண்ட் பைன் லேண்ட் என்ற மாபெரும் பருத்திப் பண்ணையின் தலைவர்.

பயிரிடும் நிலம் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தால் அதே அளவு குடும்பங்களுக்கு வேலை இல்லாமற்போகும் என்பது ஒப்பந்தம் வகுத்தவர்களுக்குத் தெரியாததன்று. ஆகவே அதன் ஏழாம் பிரிவு, வழக்கமான எண்ணிக்கையில் குடிகளை இயன்றவரை வைத்துக்கொள்ளுமாறு நிலவுடைமையாளரைக் கேட்டுக்கொண்டது. இயன்றவரை என்ற அந்த ஒரு சொல்லின் வழியே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஆற்றின் மறுகரையில், ஆர்கன்சா மாநிலத்தின் டைரன்சா என்ற ஊருக்கு அருகில், 1934 ஜூலையில் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக அமர்ந்து தென்னகக் குடியானவர் சங்கத்தைத் தொடங்கியது இந்த வெளியேற்றத்தை எதிர்த்துத்தான். வேளாண் சீரமைப்பு அலுவலகத்தின் சட்டப் பிரிவில் இருந்த ஜெரோம் பிராங்க் முதலிய இளம் வழக்கறிஞர்கள், ஏழாம் பிரிவின்படி அதே குடிகளையே வைத்திருக்க வேண்டும் என்று பொருள் கொண்டனர். 1935 பிப்ரவரியில் அவர்கள் பதவி நீக்கப்பட்டனர். 1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆலை வரியைச் செல்லாததாக்கியபோது திட்டமே முடிந்துவிடும் போலத் தோன்றியது. ஆனால் அதே ஆண்டில் மண்வளப் பாதுகாப்பு என்ற பெயரில் பணம் மீண்டும் வரத் தொடங்கியது.

அதன்பின் வந்த விதிகள் வாரக்குடியின் பங்கை உயர்த்தின. காசோலையை நேராக அவர் பெயருக்கே அனுப்பவும் வகைசெய்தன. நல்லெண்ணத்தோடு செய்த இத்திருத்தமே வாரக்குடி என்ற நிலையை அழிக்கத் துணைநின்றது என்பது இவ்வரலாற்றின் மிகத் துயரமான பகுதி. வாரக்குடிக்கு மானியத்தில் பங்கு உண்டு, நாட்கூலிக்கு இல்லை. எனவே வாரக்குடியை நாட்கூலியாக மாற்றினால் மானியம் முழுவதும் நிலவுடைமையாளரிடம் தங்கும். பணம் கையில் இருந்ததால் டிராக்டர் வாங்க முடிந்தது; டிராக்டர் வந்ததால் உழவுக்கும் விதைப்புக்கும் ஆள் வேண்டாமற்போய், களை கொத்தவும் பஞ்சு எடுக்கவும் மட்டும் சில மாதங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். 1944 அக்டோபர் 2 அன்று கிளார்க்ஸ்டேலுக்கு அருகிலுள்ள ஹாப்சன் பண்ணையில், மணிக்கு ஏறத்தாழ 1,000 ராத்தல் பருத்தி எடுக்கும் இயந்திரங்கள் மக்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டப்பட்டன. கையால் எடுப்பவர் அதே நேரத்தில் எடுப்பது 20 ராத்தல். இயந்திரம் குடிகளை விரட்டியது என்ற பரவலான கருத்து பாதி உண்மையே. இயந்திரம் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அரசின் காசோலை அந்த வேலையைத் தொடங்கிவிட்டது.

இவ்வளவு பணத்தையும் கவுண்டி அளவில் நிர்வகித்தது மூவர் கொண்ட ஒரு குழு. உழவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் இக்குழு, ஒவ்வொரு பண்ணைக்கும் எத்தனை ஏக்கர் பருத்தி பயிரிடலாம் என்ற ஒதுக்கீட்டையும், விளைச்சல் கணக்கையும், முறையீடுகளையும் தீர்மானித்தது. வாஷிங்டனிலிருந்து அதிகாரிகள் வந்து ஆள்வதை விட உள்ளூர் உழவர் தமக்குத் தாமே முடிவெடுப்பது நல்லது என்ற கொள்கையில் பிழை காண்பது கடினம். ஆயினும் கறுப்பினத்தார் பொதுத் தேர்தலில் வாக்களிக்கவே இயலாதிருந்த ஒரு கவுண்டியில், பண்ணை வீட்டில் குடியிருக்கும் ஒருவர் தம் பண்ணையாருக்கு எதிராக வாக்களிப்பது எவ்வாறு? 1954 ஜூலையில், பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து வெள்ளையர் குடிமக்கள் மன்றம் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது இதே இண்டியனோலாவில்தான். கடன், வேலை, குடியிருப்பு ஆகியவற்றை மறுத்து அடக்குவது அம்மன்றத்தின் வழிமுறை. 1964 டிசம்பரில் குடிமை உரிமை இயக்கத்தின் இளைஞர்கள் மிசிசிப்பியில் வேளாண் குழுத் தேர்தல்களில் கறுப்பின வேட்பாளர்களை நிறுத்தினர். பெயரளவில் எளிய இத்தேர்தலில் அவர்கள் கைதையும் அடியையும் சந்திக்க நேர்ந்தது, அதிகாரத்தின் வேர் எங்கே இருந்தது என்பதைக் காட்டிவிட்டது.

நாடாளுமன்ற நிலையிலும் பண்ணையுலகின் கை ஓங்கியிருந்தது. டாட்ஸ்விலுக்கு அருகில் 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பண்ணையைக் கொண்டிருந்த ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட், 1943 முதல் 1978 வரை செனட் உறுப்பினர். 1956 முதல் அதன் நீதித்துறைக் குழுவின் தலைவர். வேளாண் குழுவிலும் இடம்பெற்றவர். அண்டைக் கவுண்டியைச் சேர்ந்த ஜேமி விட்டன், பிரதிநிதிகள் அவையில் வேளாண் துறையின் செலவினத்தை ஒதுக்கும் துணைக்குழுவுக்கு 1949 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, சிறு இடைவெளி நீங்கலாக, தலைமை வகித்தார். 1965ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் பருத்தியின் ஆதரவு விலையைக் குறைத்து, அதற்கு ஈடாக நேரடித் தொகைகளை உயர்த்தியது; ஒதுக்கீட்டு நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே தரிசாக விட்டுப் பணம் பெற வழிசெய்தது. தொகைக்கு உச்சவரம்பு இல்லை. 1960களின் பிற்பகுதியில் ஈஸ்ட்லண்ட் குடும்பப் பண்ணை ஓராண்டில் பெற்றது ஒரு லட்சம் டாலருக்கும் மேல்.

அதே ஆண்டுகளில் டெல்டாவில் களை கொத்தும் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் கிடைத்த கூலி 3 டாலர். 1967 பிப்ரவரியில் மணிக்கு 1 டாலர் என்ற குறைந்தபட்சக் கூலி பண்ணைத் தொழிலுக்கும் நீட்டிக்கப்பட்டபோது, பண்ணையார்கள் களைக்கொல்லி மருந்துக்கு மாறி, எஞ்சியிருந்தோரையும் நீக்கினர். அவ்வேளையில் இலவச உணவுப்பொருள் வழங்கலுக்குப் பதிலாக உணவுக்கூப்பன் திட்டம் வந்திருந்தது. கூப்பனைச் சிறு தொகை கொடுத்து வாங்க வேண்டும். ஒரு ரொக்கக் காசும் இல்லாத குடும்பங்களுக்கு அந்தச் சிறு தொகையும் எட்டவில்லை. 1967 ஏப்ரலில் செனட்டர்கள் ராபர்ட் கென்னடியும் ஜோசஃப் கிளார்க்கும் டெல்டாவின் குடிசைகளுக்குள் சென்று பட்டினியில் வாடும் குழந்தைகளைக் கண்டபோது, நாடு அதிர்ந்தது. பயிரிடாமல் விட்ட நிலத்துக்குப் பணம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த கவுண்டிகளில், அந்நிலத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு உணவு இல்லை என்பது அனைவரும் அறியும் செய்தியாயிற்று.

அந்த உழைப்பாளர்களின் குரலாக எழுந்தவர் ஃபேனி லூ ஹேமர். ஒரு வாரக்குடிக் குடும்பத்தில் இருபது குழந்தைகளில் கடைசியாக 1917இல் பிறந்து, இரண்டு வயதில் சன்ஃபிளவர் கவுண்டிக்கு வந்து, ஆறு வயதில் பஞ்சு எடுக்கத் தொடங்கிய அவர், 1962 ஆகஸ்ட் 31 அன்று வாக்காளராகப் பதிவுசெய்ய இண்டியனோலாவுக்குச் சென்றார். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அன்றே வெளியேற்றப்பட்டார். 1964இல் ஜேமி விட்டனை எதிர்த்தே அவருடைய கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் நின்றார், வெல்லவில்லை. வாக்குரிமை வந்த பிறகும் நிலமில்லாதவருக்கு மானியமும் கடனும் இல்லை என்பதைக் கண்டு, 1969இல் 40 ஏக்கரில் விடுதலைப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். பின்னர் 640 ஏக்கர் சேர்ந்தது. அதன் பன்றி வங்கி, சினைப்பன்றி ஒன்றைக் குடும்பத்துக்குக் கொடுத்து, ஈன்ற குட்டிகளில் இரண்டை மட்டும் திரும்பப் பெற்றது. உண்ணும் காய்கறி ஒரு பகுதியிலும், தவணை கட்டுவதற்கான பருத்தி மறு பகுதியிலும் விளைந்தன. நன்கொடையை நம்பி நின்ற அந்தப் பண்ணை, பருவம் பொய்த்ததாலும் ஹேமரின் உடல்நலம் குன்றியதாலும் தளர்ந்து, 1970களின் நடுவில் நிலத்தை இழந்தது. 1977 மார்ச்சில் ஹேமர் மறைந்தார்.

பெருந்தொகைகள்மீது எழுந்த கண்டனத்தால் 1970ஆம் ஆண்டின் சட்டம் ஒருவருக்கு ஒரு பயிருக்கு 55,000 டாலர் என்று உச்சவரம்பு வகுத்தது. 1973இல் அது 20,000 டாலராகக் குறைந்தது. ஒருவர் என்பது யார் என்ற இடத்தில் வரம்பு உடைந்தது. ஒரே பண்ணை மனைவி, மக்கள், கூட்டு நிறுவனங்கள், அறக்கட்டளைகள் ஆகியோர் பெயரில் கிளைகிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் முழுத்தொகை பெற்றது. இந்த ஏற்பாட்டுக்கு மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரே வழங்கியது. 1987இல் ஒருவர் மூன்று அமைப்புகளுக்கு மேல் பங்கு பெறக்கூடாது என்ற விதி வரும்வரை அம்மரம் தழைத்தது.

கறுப்பின உழவர்க்கு நேர்ந்ததோ வேறு. 1920இல் நாடெங்கும் ஏறத்தாழ 9,25,000 ஆக இருந்த அவர்களின் எண்ணிக்கை, 1997இல் 20,000க்கும் கீழே இறங்கியது. கவுண்டி அலுவலகங்கள் விதைப்புக் கடனைத் தாமதப்படுத்தின, குறைத்தன, மறுத்தன. முறையீட்டை விசாரிக்க வேண்டிய வேளாண் துறையின் குடிமை உரிமைப் பிரிவு 1980களில் முடங்கிக் கிடந்தது. 1997இல் திமோத்தி பிக்ஃபோர்டு என்ற உழவர் முன்னின்று தொடுத்த வழக்கு 1999இல் உடன்பாட்டில் முடிந்து, பாகுபாட்டுக்கு ஆளானதை நிறுவிய ஒவ்வொருவருக்கும் 50,000 டாலரும் கடன் தள்ளுபடியும் அளித்தது. மொத்தத் தொகை நூறு கோடி டாலரைத் தாண்டியது. காலத்தில் முறையிடாதவர்களுக்காக 2010இல் மேலும் 125 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. நிலம் ஏற்கெனவே கைமாறியிருந்தவர்களுக்கு அந்த 50,000 டாலர் ஒரு டிராக்டரின் விலைகூட ஆகவில்லை.

1970இல் ஏறத்தாழ 37,000 ஆக இருந்த சன்ஃபிளவர் கவுண்டியின் மக்கள்தொகை, 2020இல் 26,000க்கும் கீழ். அதிலும் பார்ச்மன் என்னுமிடத்தில் உள்ள மாநிலச் சிறையின் கைதிகள் அடக்கம். பருத்தி விளைந்த வயல்களில் பெரும்பகுதி இன்று சோயாவும் மக்காச்சோளமுமாக மாறியுள்ளது. சில வயல்கள் 1970கள் முதல் கெளுத்தி மீன் குளங்களாயின. இன்றைய மானியத்தின் ஒரு பகுதி, அடிப்படை ஏக்கர் என்ற கணக்கின்படி வழங்கப்படுகிறது. ஒரு வயலில் முன்பு எந்தப் பயிர் எத்தனை ஏக்கரில் விளைந்தது என்று பதிவாகியுள்ளதோ அந்த அளவே அதன் அடிப்படை ஏக்கர். இப்போது அதில் வேறு பயிர் நின்றாலும், பதிவான பயிரின் விலை வீழும்போது தொகை வரும். நிலத்தை விற்றால் அந்தப் பதிவும் நிலத்தோடு சேர்ந்து வாங்கியவருக்குப் போய்ச்சேருகிறது.